கொள்கலனுக்குள் ஒரு தொடக்கப் பதிவு

காரைக்காலில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசித்திரமான கணக்கு உண்டு. இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் நாகூருக்குச் சரக்கு அனுப்பினால் அது வெளிமாநில விற்பனை. மேற்குக் கடற்கரையில், கேரளத்துக்கு நடுவே இருக்கும் மாஹேவுக்கு அனுப்பினால் அது உள்மாநில விற்பனை!

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் சேர்ந்து ஒரே ஒன்றியப் பகுதி. 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி.யில் இந்த நான்குக்கும் மாநில எண் 34. வாஞ்சூரைத் தாண்டி நாகூரில் கால் வைத்தால் அது தமிழ்நாடு, எண் 33.

ஆயிரம் ரூபாய்க்குப் பெயின்ட் விற்றால் 18 சதவீதம் வரி. காரைக்காலுக்குள் விற்றால் மத்திய ஜி.எஸ்.டி. 90 ரூபாய், மாநில ஜி.எஸ்.டி. 90 ரூபாய். நாகூர் வியாபாரிக்கு அனுப்பினால் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. என்று மொத்தமாக 180 ரூபாய். தொகை மாறவில்லை. எந்தத் தலைப்பில் போகிறது என்பதுதான் மாறுகிறது. தவறான தலைப்பில் கட்டிவிட்டால் என்ன ஆகும்? சரியான தலைப்பில் இன்னொரு முறை கட்ட வேண்டும். முதலில் கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும் (மத்திய ஜி.எஸ்.டி. சட்டம், 77ஆம் பிரிவு). வட்டி இல்லை என்பது மட்டும் ஆறுதல். பணம் வரும்வரை சிறு வியாபாரியின் கைமுதல் முடங்கிக் கிடக்கும்.

சரி, இதற்கும் இந்தக் கட்டுரையின் தலைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

ஒரே நிரல், இரண்டு ஊர்

காரைக்கால் பாரதியார் சாலையில் ஒரு பெயின்ட் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே முதலாளிக்கு நாகூரிலும் ஒரு கிளை. பான் எண் ஒன்றே என்றாலும் இரண்டும் வேறு மாநிலம், அதனால் ஜி.எஸ்.டி. பதிவும் இரண்டு. பதினைந்து இலக்கப் பதிவு எண்ணில் ஒன்று 34 என்று தொடங்கும், மற்றது 33 என்று தொடங்கும். பில் போடுவதற்கு முதலாளியின் அண்ணன் மகன் ஒரு மென்பொருள் செய்து தருகிறான். பி.காம். இரண்டாம் ஆண்டு படிப்பவன். கணினியைத் தானாகக் கற்றுக்கொண்டவன்.

காரைக்காலுக்கு ஒரு நிரல், நாகூருக்கு ஒரு நிரல் என்று அவன் இரண்டு எழுத வேண்டுமா? எழுதலாம். ஆனால் ஒன்றில் திருத்தியதை மற்றதில் திருத்த மறந்துவிட்டால் வம்பு. அதனால் விஷயம் தெரிந்தவர்கள் நிரலை ஒன்றாகவே வைத்துக்கொண்டு, ஊருக்கு ஊர் மாறுகிற சங்கதிகளை மட்டும் வெளியிலிருந்து சொல்வார்கள். கல்யாண வீட்டுச் சமையல்காரருக்குச் சாம்பார் வைக்கத் தெரியும். பந்திக்கு எத்தனை இலை என்பதை மட்டும் வீட்டுக்காரர் சொன்னால் போதும். அது போலத்தான்.

இப்படி வெளியிலிருந்து சொல்லப்படும் சேதிக்குச் சூழல் மாறி என்று பெயர். ஒரு பெயர், ஒரு சமக்குறி, ஒரு மதிப்பு, அவ்வளவுதான். 'மாநில எண் = 34' என்று எழுதி நிரலை ஓடவிட்டால், நிரல் தன் சூழலைப் பார்த்து அந்த எண்ணை எடுத்துக்கொள்ளும். இது புதுச் சரக்கு அல்ல. 1979ல் பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இது உண்டு. 2011ல் ஹெரோக்கு நிறுவனத்தைச் சேர்ந்த ஆடம் விக்கின்ஸ் 'பன்னிரண்டு காரணிகள்' என்று ஒரு முறையை எழுதினார். அதில் மூன்றாவது காரணி இதுதான்: இடத்துக்கு இடம் மாறும் அமைப்புகளை நிரலுக்குள் எழுதாமல் சூழலில் வை. சரியாகச் செய்திருக்கிறோமா என்று பார்க்க அவரே ஒரு சோதனையும் சொல்கிறார். இந்த நொடியே நிரல் முழுவதையும் ஊருக்குத் திறந்து காட்டினாலும் ஒரு பாஸ்வேர்டுகூட வெளியே போகக்கூடாது!

பெட்டி வந்த கதை

அடுத்து கொள்கலன், அதாவது கன்டெய்னர். நெடுஞ்சாலையில் லாரி மேல் போகிறதே, அதே பெயர்தான்.

1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்கு 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளோடு புறப்பட்டது. அனுப்பியவர் லாரி முதலாளி மால்கம் மெக்லீன். அதுவரை மூட்டையை லாரியிலிருந்து இறக்கி, கப்பலில் ஏற்றி, மறுபடி இறக்கி, மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மெக்லீன் பெட்டியைத் திறக்காமலே அப்படியே தூக்கி வைத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று கிரேனுக்குத் தெரிய வேண்டியதில்லை. பெட்டியின் அளவு மட்டும் தெரிந்தால் போதும்.

2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் என்பவர் இதே யோசனையை மென்பொருளுக்குக் கொண்டுவந்து 'டாக்கர்' என்று பெயரிட்டார். அதன் சின்னமே முதுகில் பெட்டிகளைச் சுமக்கும் ஒரு திமிங்கலம். நிரலையும் அது ஓடுவதற்கு வேண்டிய துணைச் சாமான்களையும் ஒரே பெட்டியில் அடைத்துவிட்டால், எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி ஓடும். 'என் கணினியில் ஓடுகிறதே!' என்ற பழைய புலம்பல் குறையும்.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. இமேஜ் என்பது அச்சு. கன்டெய்னர் என்பது அந்த அச்சிலிருந்து எடுத்த பொருள். ஒரே அச்சிலிருந்து எத்தனை கன்டெய்னர் வேண்டுமானாலும் எடுக்கலாம். தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகவும் எடுக்கலாம்.

தூக்கி எறியலாம் என்றால், கடையின் கணக்கு எங்கே இருக்கும்? அதற்குத்தான் வால்யூம் என்ற தனி அறை. கன்டெய்னர் போனாலும் வால்யூமில் இருப்பது இருக்கும். விற்பனை, பழைய பாக்கி, இருப்பு எல்லாம் அங்கேதான். இந்த ஒரு வரியை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாச் சிக்கலும் இதைச் சுற்றித்தான்.

பிறந்த அன்று மட்டும்

பையன் தேர்ந்தெடுத்த தரவுத்தளம் (டேட்டாபேஸ்) போஸ்ட்கிரெஸ். 1986ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய வேலை அது. காசு கிடையாது, கட்டுப்பாடும் கிடையாது. அதன் டாக்கர் இமேஜில் ஒரு தொடக்க ஸ்கிரிப்ட் இருக்கிறது. கன்டெய்னர் எழுந்தவுடன் முதலில் ஓடுவது அதுதான்.

அது செய்யும் முதல் காரியம் வால்யூமுக்குள் எட்டிப் பார்ப்பது. அங்கே ஏற்கெனவே ஒரு தரவுத்தளம் இருக்கிறதா? (தரவுத்தளத்தின் பதிப்பு எண்ணை எழுதி வைத்திருக்கும் ஒரு சின்னக் கோப்பு இருந்தால், இருக்கிறது என்று பொருள்.)

இல்லை என்றால் பிறப்புச் சடங்கு தொடங்கும். சூழல் மாறிகளிலிருந்து தலைமைப் பயனரின் பெயர், பாஸ்வேர்டு, தரவுத்தளத்தின் பெயர் மூன்றையும் வாங்கிக்கொள்ளும். பாஸ்வேர்டு தராவிட்டால் முரண்டு பிடித்து நின்றுவிடும். (2020 பிப்ரவரிக்கு முன்பு அப்படி இல்லை. ஓர் எச்சரிக்கையோடு, பாஸ்வேர்டே இல்லாமல் எவரையும் உள்ளே விடும். பிறகுதான் கட்டாயமாக்கினார்கள்.) அடுத்து, வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாதபடி ஒரு தற்காலிக சர்வரைத் தொடங்கும். நாம் வைத்திருக்கும் ஸ்கிரிப்ட்களைப் பெயர் வரிசைப்படி ஒவ்வொன்றாக ஓட்டும். அட்டவணைகள் உருவாகும், பில் போடும் பயனர் உருவாவார், மாநில எண் எழுதப்படும். எல்லாம் முடிந்ததும் தற்காலிக சர்வரை மூடிவிட்டு நிஜ சர்வரைத் திறக்கும்.

ஏற்கெனவே தரவுத்தளம் இருந்தால்? இந்தச் சடங்கு எதுவும் கிடையாது. 'தரவுத்தளம் இருக்கிறது, தொடக்க வேலையைத் தாண்டிச் செல்கிறேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டு நேராக சர்வரைத் திறந்துவிடும். நீங்கள் சூழல் மாறியில் என்ன மாற்றி எழுதியிருந்தாலும் அதன் காதில் விழாது. மைசீக்வல், மரியா டி.பி. இரண்டின் இமேஜ்களும் இதே வழக்கம்தான். (மைசீக்வலைப் படைத்த மான்டி விடேனியஸுக்கு இரண்டு மகள்கள், மை, மரியா. இரண்டு தரவுத்தளங்களுக்கும் அவர்கள் பெயர்தான்!)

காரைக்கால்காரர்களுக்கு இந்த வழக்கம் புதிதல்ல. பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவோடு சேர்க்கும் ஒப்பந்தம் 1956ல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்று முதல் இந்தியக் குடிமக்கள். வேண்டாம், பிரெஞ்சுக் குடியுரிமையே தொடரட்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர்களின் வாரிசுகள் பலர் இன்றும் பிரெஞ்சுக் குடிமக்கள். அந்த ஆறு மாதம் போன பிறகு அந்த ஏட்டில் பெயர் எழுத இடமில்லை. தொடக்கத்தில் ஒரு முறை கேட்டார்கள், பதிலை எழுதிக்கொண்டார்கள், ஏட்டை மூடிவிட்டார்கள்.

நாகூரில் கற்ற தந்திரம்

இப்போது பையனிடம் திரும்புவோம். காரைக்காலில் எல்லாம் நன்றாக ஓடுகிறது. நாகூர்க் கிளைக்கு அதே அமைப்பைப் பிரதி எடுத்து வைக்கிறான். ஓடவிட்ட பிறகுதான் பார்க்கிறான், மாநில எண் 34 என்றே இருக்கிறது. உடனே சூழல் மாறியில் 33 என்று திருத்தி, கன்டெய்னரை நிறுத்தி மறுபடி தொடங்குகிறான். பில்லில் இன்னும் 34! காரணம் மேலே சொன்னதுதான். தொடக்க ஸ்கிரிப்ட் முதல் முறை ஓடியபோதே கடை விவர அட்டவணையில் 34 என்று எழுதிவிட்டது. இரண்டாம் முறை அது ஓடவே இல்லை.

இணையத்தில் தேடினால் பதில் உடனே கிடைக்கும். 'கம்போஸ்' கருவியில் எல்லாவற்றையும் இறக்கும் 'டவுன்' கட்டளையோடு 'வி' என்ற ஒற்றை எழுத்தைச் சேர்த்துக் கொடு, எல்லாம் சரியாகிவிடும் என்று. அப்படியே செய்கிறான். சரியாகிவிடுகிறது. அந்த ஒற்றை எழுத்தின் பொருள், வால்யூமையும் சேர்த்து அழி என்பது. நாகூரில் அது முதல் நாள். உள்ளே ஒரு பில்கூட இல்லை. அழிந்ததால் நஷ்டம் இல்லை. அந்த இடத்தில் அது சரியான வைத்தியம்தான்.

மூன்று மாதம் போகிறது. காரைக்கால் கடையில் வேலை பார்த்த ஒருவர் நின்றுவிட்டார். பாஸ்வேர்டை மாற்றச் சொல்கிறார் முதலாளி. பையன் சூழல் மாறியில் புதிய பாஸ்வேர்டை எழுதுகிறான், மறுபடி தொடங்குகிறான்.

"தம்பி, மாத்திட்டேன்னு சொன்னியே, பழசே வேலை செய்யுதே?"

"இருங்க சித்தப்பா, இதுக்கு ஒரு வழி இருக்கு. முழுசா அழிச்சிட்டுப் புதுசா ஏத்துனா சரியாயிடும்."

"அழிச்சியன்னா பழைய பாக்கியெல்லாம் எங்கடா போவும்?"

கணினியே தெரியாத ஒருவர் கேட்கும் இந்தக் கேள்விதான் இந்த விஷயத்தின் மொத்தச் சாரம். கட்டளை அதேதான். நாகூரில் அது சிலேட்டைத் துடைப்பது. காரைக்காலில் அது மூன்று மாதப் பேரேட்டை அடுப்பில் போடுவது. இடையில் கட்டளை மாறவில்லை, உள்ளே இருக்கும் கணக்குதான் மாறியிருக்கிறது. யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்பது அந்த வால்யூமில் மட்டும்தான் இருக்கிறது. அது போனால் கடைக்காரர் யாரிடம் போய்க் கேட்பார்? ஜி.எஸ்.டி. சட்டமும் சும்மா விடாது. ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய நாளிலிருந்து 72 மாதம் வரை கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்கிறது அதன் 36ஆம் பிரிவு.

வணிகவியல் படித்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு நல்ல வழி இருக்கிறது. தொடக்க ஸ்கிரிப்டுக்குக் கொடுக்கும் சூழல் மாறி என்பது தொடக்கப் பதிவு. புதுக்கணக்கு போடும் நாளில் பிள்ளையார் சுழி போட்டு, முதல், சரக்கு, கடன் என்று எழுதுவோமே, அது. ஒரு முறைதான் எழுதுவோம். பிறகு அதில் தவறு தெரிந்தால் ஏட்டைக் கிழிப்பதில்லை. பிழைத் திருத்தப் பதிவு ஒன்றைப் போடுவோம். தரவுத்தளத்திலும் அப்படியே. பாஸ்வேர்டை மாற்ற 'ஆல்டர் யூசர்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. மாநில எண்ணை மாற்ற 'அப்டேட்' இருக்கிறது. ஒரே வரி. அழிக்க வேண்டிய தேவையே இல்லை.

டாலர் குறி செய்யும் குறும்பு

தொடக்கத்தில் ஒரே ஒரு முறைதான் வாய்ப்பு என்றால், அந்த ஒரு முறை சரியாகச் சொல்வது எப்படி? இங்கேதான் புதிதாகக் கற்பவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள்.

தொடக்க ஸ்கிரிப்ட்கள் பெரும்பாலும் இரண்டு வகை. எஸ்.க்யூ.எல். என்று முடியும் கோப்பு நேராகத் தரவுத்தளத்துக்குப் போகும். எஸ்.எச். என்று முடியும் கோப்பு ஷெல்லுக்குப் போகும். சூழல் மாறியின் பெயருக்கு முன்னால் டாலர் குறி போட்டால் அதன் மதிப்பை எடுத்து வைப்பது ஷெல்லின் பழக்கம். தரவுத்தளத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

எஸ்.க்யூ.எல். கோப்பில், பாஸ்வேர்டு வர வேண்டிய இடத்தில் டாலர் குறியும் மாறியின் பெயரும் எழுதினால் என்ன ஆகும்? பிழை வரும் என்று நினைப்பீர்கள். வராது! டாலர் குறியோடு சேர்ந்த அந்தப் பெயரே பாஸ்வேர்டாகிவிடும். வீட்டுச் சாவியை எங்கே வைப்பது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால், சீட்டையே பூட்டுக்குள் நுழைத்த மாதிரி. யாரும் கவனிக்காவிட்டால் அது அப்படியே கிடக்கும்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, எஸ்.எச். கோப்பாக எழுதி, அதற்குள்ளிருந்து தரவுத்தளக் கட்டளைகளை அனுப்புவது. இரண்டாவது, 2022ல் வந்த போஸ்ட்கிரெஸ் 15 முதல் கிடைக்கும் 'கெட்என்வ்' என்ற கட்டளை. எஸ்.க்யூ.எல். கோப்புக்குள் இருந்தபடியே சூழல் மாறியை எடுத்து வைத்துக்கொள்ள அது உதவும். எடுத்ததை மேற்கோள் குறியோடு பத்திரமாக வைக்கும் வசதியும் அதோடு வருகிறது. பாஸ்வேர்டுக்குள் ஒற்றை மேற்கோள் குறி இருந்தால் முதல் வழியில் கட்டளையே உடைந்துவிடும், இரண்டாம் வழியில் உடையாது.

இன்னும் சில பள்ளங்கள் உண்டு.

முதலாவது, பாதிப் பிறப்பு. ஐந்து ஸ்கிரிப்டில் மூன்றாவது ஸ்கிரிப்டில் பிழை வந்தால் கன்டெய்னர் நின்றுவிடும். விழுந்தால் தானாக எழுந்திரு என்று சொல்லி வைத்திருந்தால் எழுந்துகொள்ளும். ஆனால் இப்போது வால்யூமில் ஒரு தரவுத்தளம் இருக்கிறதே! அதனால் நான்காவதும் ஐந்தாவதும் ஓடாமலே கடை திறந்துவிடும். பார்க்க எல்லாம் சரியாக இருக்கும். அட்டவணை பாதிதான் இருக்கும். ஆகவே முதல் முறை ஓடும்போது திரையில் வரும் வரிகளை முழுவதும் படிக்க வேண்டும்.

இரண்டாவது, விண்டோஸில் எழுதிய எஸ்.எச். கோப்பு. வரி முடிவில் விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைக் கூடுதலாகப் போடும். லினக்ஸுக்கு அது புரியாது. கோப்பு கண்ணெதிரே இருக்கும்போதே 'அப்படி ஒன்றும் இல்லை' என்று சொல்லும். எடிட்டரில் வரி முடிவை லினக்ஸ் முறைக்கு மாற்றிச் சேமித்தால் தீர்ந்தது.

மூன்றாவது, 'என்வ்' கோப்பு. கம்போஸ் கோப்புக்குப் பக்கத்தில் புள்ளியில் தொடங்கும் ஒரு என்வ் கோப்பை வைத்துவிட்டால் எல்லாம் கன்டெய்னருக்குள் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது. கம்போஸ் கோப்பில் இருக்கும் வெற்றிடங்களை நிரப்பத்தான் அது பயன்படும். உள்ளே போக வேண்டியவற்றைச் சூழல் என்ற தலைப்பின் கீழ் பெயர் சொல்லி எழுத வேண்டும். பாஸ்வேர்டைக் கம்போஸ் கோப்பிலேயே எழுதுகிறீர்கள், அதில் டாலர் குறி இருக்கிறது என்றால், அதை இரட்டை டாலராக எழுத வேண்டும்.

நான்காவது, பொய்யான சோதனை. பாஸ்வேர்டு சரிதானா என்று கன்டெய்னருக்குள் நுழைந்து பார்த்தால், எதைக் கொடுத்தாலும் திறக்கும். வீட்டுக்குள் இருப்பவனிடம் சாவி கேட்பதில்லை என்பது அந்த இமேஜின் வழக்கம். வெளியிலிருந்து, இன்னொரு கன்டெய்னரிலிருந்து சோதித்தால்தான் உண்மை தெரியும்.

ரகசியத்தை எங்கே வைப்பது?

மாநில எண் ரகசியம் அல்ல. ஒவ்வொரு பில்லிலும் அச்சாகிறது. பாஸ்வேர்டு அப்படியா? இரண்டையும் ஒரே மாதிரி சூழல் மாறியில் எழுதுவது வசதிதான். ஆனால் சூழல் மாறி பூட்டிய பெட்டி அல்ல. டாக்கரை ஆளும் உரிமை உள்ள எவரும் 'இன்ஸ்பெக்ட்' என்று கேட்டால், எல்லா மாறிகளும் வெள்ளெழுத்தில் வந்து விழும். இமேஜ் செய்யும் கோப்பிலேயே எழுதிவிட்டால் இன்னும் மோசம். அச்சுக்குள்ளேயே பதிந்துவிடும். அந்த அச்சு யார் கைக்குப் போனாலும் பாஸ்வேர்டும் சேர்ந்து போகும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023ல் வெளியிட்ட ஆய்வில், டாக்கர் ஹப்பிலும் பிற கிடங்குகளிலும் எடுத்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இமேஜ்களைச் சோதித்தார்கள். 8.5 சதவீதத்தில் ரகசியங்கள் அப்படியே கிடந்தன. 2022ல் டொயோட்டா நிறுவனம் ஒரு விஷயத்தை வெளியிட்டது. அதன் சேவை ஒன்றின் சாவி, நிரலோடு சேர்ந்து 2017 டிசம்பர் முதல் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கிட்ஹப்பில் பொதுவெளியில் இருந்திருக்கிறது. கிட்டத்தட்ட 2,96,000 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் கசிந்திருக்கலாம் என்று மன்னிப்புக் கேட்டது. 2017 ஜனவரியில் பாஸ்வேர்டே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த மாங்கோ டி.பி. தரவுத்தளங்கள் ஆயிரக்கணக்கில் துடைக்கப்பட்டன. உள்ளே ஒரு மிரட்டல் கடிதம் மட்டும் மிஞ்சியது. பணம் கட்டினால் தருகிறோம் என்று!

பெரிய நிறுவனங்கள் எழுந்துகொள்ளும். பாரதியார் சாலைக் கடை எழுந்துகொள்ளுமா? கடை சிறிது என்பதால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளும் என்றும் நினைக்க வேண்டாம். 2023ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் விதிக்கக்கூடிய உச்ச அபராதம் 250 கோடி ரூபாய். வாடிக்கையாளரின் பெயர், கைபேசி எண், பாக்கித் தொகை எல்லாம் அவர் நம்பிக் கொடுத்தவை.

போஸ்ட்கிரெஸ் இமேஜ் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. பாஸ்வேர்டு மாறியின் பெயருக்குப் பின்னால் 'ஃபைல்' என்று சேர்த்தால், பாஸ்வேர்டுக்குப் பதிலாக அது இருக்கும் கோப்பின் இடத்தை மட்டும் சொல்லலாம். கம்போஸ் அந்தக் கோப்பைக் கன்டெய்னருக்குள் 'சீக்ரெட்ஸ்' என்ற அடைவில் வைத்துக் கொடுக்கும். இன்ஸ்பெக்ட் செய்பவருக்குத் தெரிவது அலமாரி இருக்கும் இடம்தான், அலமாரிக்குள் இருப்பது அல்ல. ஒன்று மட்டும் கவனம். இந்தச் சலுகை இமேஜுக்குத் தெரிந்த சில மாறிகளுக்குத்தான். பையன் தானாகப் பெயர் வைத்த மாறிக்கு, கோப்பைத் திறந்து படிக்கும் வரியை அவனே தன் ஸ்கிரிப்டில் எழுத வேண்டும்.

எதை எப்போது சொல்வது?

இவ்வளவையும் சுருக்கினால் மூன்று கேள்விகள்தான் மிஞ்சும். ஒரு மதிப்பைச் சூழல் மாறியில் எழுதும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை:

1. இது ஒரு முறை சொல்வதா, ஒவ்வொரு முறையும் சொல்வதா? தரவுத்தளத்தின் பெயர், முதல் பாஸ்வேர்டு ஆகியவை ஒரு முறை. பில் மென்பொருள் தொடங்கும்போதெல்லாம் படிக்கும் மதிப்புகள் ஒவ்வொரு முறையும். மாநில எண்ணை இரண்டிலும் எழுதாமல் ஏதாவது ஒரே இடத்தில் வைத்தால், எது சரி என்ற சண்டையே வராது.

2. இது ஊருக்குத் தெரியலாமா, கூடாதா? கூடாது என்றால் கோப்பில் வைத்து, இடத்தை மட்டும் சொல்ல வேண்டும். அந்தக் கோப்பு கிட்டுக்குள் போகக்கூடாது. பெயர்கள் மட்டும் உள்ள மாதிரிக் கோப்பு போகலாம்.

3. பிறகு மாற்ற வேண்டி வந்தால் எப்படி மாற்றுவது? இதற்குப் பதில் தெரியாமல் தொடங்கவே கூடாது. மாற்றும் முன் 'பி.ஜி. டம்ப்' கருவியால் ஒரு பிரதி எடுத்து, அந்தக் கணினிக்கு வெளியே வைக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த ஊர்ப் பக்கம் இது. கணினி நனைய ஓர் இரவு போதும்.

காகிதப் பேரேடு வைத்திருந்த பழைய கணக்குப்பிள்ளைகளுக்கு டாக்கர் தெரியாது. ஆனால் எழுதிய கணக்கை அழிக்கக்கூடாது, தவறு இருந்தால் கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும் என்பது அவர்களுக்குப் பாலபாடம். அடித்தாலும் பழைய எண் படிக்கும்படி இருக்க வேண்டும். புதிய கருவிகளில் அழிப்பது மிகச் சுலபம், ஓர் எழுத்து போதும். கணினி கற்கும் வணிகவியல் மாணவர்கள் தங்கள் வகுப்பில் படித்த அந்தப் பாலபாடத்தை இங்கேயும் கையோடு கொண்டுவந்தால், பாரதியார் சாலையிலும் நாகூரிலும் பல கடைகளின் பழைய பாக்கி பத்திரமாக இருக்கும்.